மூடி போட்ட தண்ணீர்

விடியல் மேடு, எட்டாவது சந்து,
சிபா.
ஜூன் 23

மதிப்பிற்குரிய அண்ணன் நுகாதா மசாகிச்சி அவர்களுக்கு,

மழை பிடித்துக்கொண்டு பதினாறு நாளாகிறது. வேலியோரத்து அஜிசாய்ப் பூக்கள் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நீகாதாவில் தங்களுக்கும் அண்ணிக்கும் இந்த ஈரத்தில் உடம்பு எப்படி இருக்கிறதோ என்று சுமியே கேட்கச் சொன்னாள். இங்கே கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீண்ட காலம் கடிதம் எழுதாத பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருடம் நீண்ட காலம்தான். பிழை யாருடையது என்பதில் மட்டும் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

தங்கள் புத்தாண்டு அட்டை கிடைத்தது. கிடைத்து ஆறு மாதமாகிறது. வழக்கம்போல அச்சடித்த வாழ்த்து, அதன் கீழே தூரிகையால் ஒரு வரி: "கம்பி எப்படி இருக்கிறது?" பத்தொன்பது அட்டைகளிலும் இதே வரி. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், பாசத்தால் அல்ல, ஆதாரத்துக்காக. இந்த வருடம் மட்டும் இன்னொரு வரி கூடுதலாக இருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆகஸ்ட் கடைசியில் ஜாக்கிகளையெல்லாம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தொழிலை விடப்போகிறீர்கள் என்று. வீடுகளைத் தரையிலிருந்து தூக்கி, சாய்ந்ததை நிமிர்த்தி, சில சமயம் சாமான்களோடு தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிற தங்கள் தொழிலை நான் என்றும் குறைவாக எண்ணியதில்லை. ஆனால் தங்களை இங்கே வரச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளை நீங்கள் மறந்திருக்கலாம். இந்த வீடு கட்டுமுன் நிலத்துக்குச் சாந்தி செய்யும் பூஜை. நாலு மூலையில் மூங்கில், சுற்றிலும் வைக்கோல் கயிறு, நடுவில் சாகே மதுவும் ஒரு முழு மீனும், வெள்ளை உடுத்திய பூசாரி, முன்வரிசையில் என் மாமனாரும் மாமியாரும். நீங்கள் தாமதமாக, வேலை செய்கிற சப்பாத்தோடு வந்தீர்கள். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து குதிகாலால் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தீர்கள். பிறகு வண்டியிலிருந்து மூன்று மீட்டர் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, தென்கிழக்கு மூலையில் நட்டு, வெறுங்கையால் அழுத்தினீர்கள். தோஃபுவில் சாப்ஸ்டிக் இறங்குவதுபோல அது இறங்கிக்கொண்டே இருந்தது. பூசாரி மந்திரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார். தரைக்குமேல் ஒரு கையகலம் மிச்சமிருக்கும்போது அடியில் எதிலோ முட்டி நின்றது. நீங்கள் நிமிர்ந்து, என் மாமனார் காதில் நன்றாக விழும்படி, "கியோ, இது மண்ணு இல்லடா. மூடி போட்ட தண்ணி"ன்னு சொன்னீர்கள்.

நான் உங்களை வெளியே போகச் சொன்னேன். நீங்கள் போனீர்கள். கம்பி போகவில்லை.

நான் புவியியல் ஆசிரியன் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும், அண்ணா. நீங்கள் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். நான் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆற்றுப் படுகைகளையும் சதுப்புகளையும் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைகிறவன். நிலம் வாங்குமுன் பழைய வரைபடத்தைப் பாருங்கள் என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன். சொன்னது உண்மை. நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை. விற்றவன் தந்த பளபளப்பான தாளில் 'விடியல் மேடு' என்று போட்டிருந்தது. மேடு என்று அச்சிலேயே இருக்கும்போது வரைபடம் எதற்கு? போன வாரம் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் இந்த இடத்தின் பெயர் 'சேற்றுவால்'. ஒரு தாமரைக் குளம். அதன் சரியான நடுவில் எங்கள் சந்து.

இந்த வீட்டில் எதுவும் திடீரென்று நடக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திடீரென்று நடந்திருந்தால் நானும் திடீரென்று கவனித்திருப்பேன். நாலாம் வருடம் படுக்கையறைத் தள்ளுகதவு தானாகத் திறக்க ஆரம்பித்தது, அது காற்று என்றேன், ஜன்னலைச் சாத்தின பிறகும் திறந்தது, அது பழைய காற்று என்றேன். ஆறாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது, என்னைவிட எட்டு வருடம் சின்னவனைத் துணைத் தலைமையாசிரியர் ஆக்கிய வருடம் அது, வீட்டில் ஏதாவது ஒன்று விரிசல் விடுவது நியாயம்தான் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் வெளிச்சுவரில் படிப்படியாக இறங்குகிற மாதிரி இன்னொன்று, முதலில் முடி அளவு, பிறகு நாணயம் நுழையும் அளவு, நான் நாணயம் நுழைத்துப் பார்த்தேன், அது உள்ளே விழுந்துவிட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாசற்படிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி வந்தது, அதில் ஒரு தேரை குடிவந்தது, சுமியே அதற்குப் பெயர் வைத்தாள். குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டால் ஒரு பக்கம் தோள்வரை, மறுபக்கம் மார்புவரை, இது உடம்புக்கு நல்லது என்று நான் எங்கோ படித்ததாகச் சொன்னேன், எங்கும் படிக்கவில்லை. உப்பில் ஊறின உமேப் புளிப்புக் காய்களை மாடியில் காயவைத்தால் சாயங்காலம் அத்தனையும் கிழக்கு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், வகுப்புக்கு மணி அடித்துவிட்ட பிள்ளைகள் மாதிரி. ஏன்னு சுமியே கேட்டா, சூரியனைத் தேடிப் போவுதுன்னேன். சூரியன் அப்போ மேற்கில இருந்தது.

உங்கள் கம்பிக்கு வருகிறேன். வருகிறவர்கள் தடுக்கி விழுந்ததால் அதன் தலையில் ஒரு மண்தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். சில வருடம் கழித்துப் பார்த்தால் தொட்டி தரையைத் தொடவில்லை. இன்னும் சில வருடத்தில் தொட்டிக்கடியில் பூனை படுத்தது. இப்போது சுமியே தண்ணீர் மொள்ளும் கரண்டியை அதில் மாட்டுகிறாள். இரும்பு வளராது என்பது எனக்குத் தெரியும், அண்ணா. தெரிந்தும், ஒவ்வொரு ஜனவரியும் உங்கள் அட்டை வந்த மறுநாள் தோட்டத்தில் நின்று, இது வளர்கிறது, என்னைக் கேலி செய்யவே வளர்கிறது என்று நினைத்தேன். வேறு விதமாக நினைக்க வேண்டுமானால், அது அசையாமல் நிற்க நாங்கள்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஆகிவிடும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை சுமியே குளியலறையில் மாட்டிக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். முதல் அரைமணி, மழைக்காலத்தில் மரம் எப்படி ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது என்று கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். அது பிளாஸ்டிக் கதவு என்று உள்ளேயிருந்து சொன்னாள். பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதிர் வீட்டு குராமோச்சியைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற ரயில் கார்டு, எழுபது வயது. அவர் வீட்டுக் கூரை என் பக்கமாகச் சாய்ந்து என் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று நான் பேட்டைச் சங்கத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் வந்தார், கதவை ஒரு பார்வை பார்த்தார், கைப்பிடியைத் தொடவேயில்லை, கீழ் மூலையில் குதிகாலால் ஒரு உதை, அதே நொடியில் மேலே தோளால் ஒரு இடி. கதவு திறந்தது. சுமியே துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவருக்கு நன்றி சொன்னாள். என்னிடம் நிதானமாகச் சொன்னாள்: "உங்க அண்ணன் பத்தொன்பது வருஷமா ஒரே ஒரு கேள்வி கேக்கறார். இலையுதிர் காலத்துக்குள்ள நீங்க பதில் எழுதலைன்னா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அங்க கதவெல்லாம் கதவு மாதிரி இருக்கு."

முப்பது வருடத்தில் அவள் ஒன்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதில்லை.

மறுநாள் அரிசி முறுக்குப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு குராமோச்சிக்கு நன்றி சொல்லப் போனேன். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. தேநீர் வந்தது. கோப்பையில் தேநீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. மேஜைக் காலுக்கடியில் மடித்த செய்தித்தாள். அந்த மடிப்பு எனக்குத் தெரியும், எட்டாக மடித்து மூலையை உள்ளே செருகினால்தான் நழுவாது. நான் மேஜைக் காலைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் இருவரும் முறுக்கு கடித்தோம்.

"உங்க வீட்ல எத்தனை மடிப்பு, சார்?" என்று கேட்டார்.

"எட்டு."

"எங்க வீட்ல போன வருஷத்திலேருந்து பன்னெண்டு," என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. தன் வீடு மட்டும்தான் சாய்கிறது என்று அவர் பதினாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சொன்னால் அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பும் கெட்டுப்போகுமே, மற்றவர்களுக்கு ஏன் நம்மால் தொந்தரவு என்று வாயைத் திறக்கவில்லை. என் கூரை அவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதாக அவரும் சங்கத்துக்கு எழுதப் போனாராம், மரியாதைக் குறைவாக இருக்குமென்று விட்டுவிட்டாராம். நான் மூன்று தடவை எழுதியதை நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன்.

பிறகு குடையெடுத்துக்கொண்டு இருவரும் சந்தின் நடுவில் போய் நின்றோம். அண்ணா, அதை எப்படிச் சொல்வது? மழை மிக மெல்லியதாகப் பெய்தது, பெய்கிறதா தொங்குகிறதா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஐந்து. பதினொன்றும் ஒரு கொஞ்சம், ஒரே ஒரு கொஞ்சம், முன்னால் குனிந்து நின்றன. நாங்கள் நின்ற இடத்தை நோக்கி, எங்கள் காலடியில் எதையோ பார்ப்பதற்காக. விளிம்பில் நிற்கிறவர்கள் குளத்தை எட்டிப் பார்ப்பார்களே, அப்படி. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் திரை லேசாக விலகியது. பதினொரு வீட்டுக்காரர்களும் இத்தனை வருடமாகத் தங்கள் வீட்டைத் தனியாக மறைத்துக்கொண்டிருந்தது அந்தத் திரைகளிலேயே தெரிந்தது. குராமோச்சி தொப்பியைக் கழற்றி எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். வீடுகள் ஏற்கெனவே வைத்துக்கொண்டிருந்தன.

மழைக்காலத்து மதியங்களில் தட்டாமிப் பாயில் கொஞ்சம் கண்ணயர்கிறேன். சுமியே மேற்குச் சுவரோரம், நான் நடுவில், கோபம் இருந்தால் இன்னும் தள்ளி. எழுந்திருக்கும்போது இருவரும் கிழக்குச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு கிடப்போம். எங்கள் கல்யாணம் இத்தனை வருடம் தாங்கியதில் இந்தச் சரிவுக்குப் பங்கு உண்டோ என்று சில சமயம் சந்தேகமாக இருக்கிறது. தூக்கத்தில் தண்ணீரின் மேல் இருக்கிறேன். தாமரை இலைகள் பாயின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டு போகின்றன. எங்கும் பச்சை வெளிச்சம். தேரை, பூனை, விழுந்த நாணயம், எல்லாம் மெதுவாக மிதக்கின்றன. போன வாரம் அதே கனவில் நீங்கள் வந்தீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, தென்கிழக்கு மூலையில் வீட்டைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தீர்கள். ஆறு பெருகிய வருடம் பள்ளிக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனீர்களே, அதே முகம், அதே மூச்சு. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நன்றி. நான்தான் மேலேயிருந்து ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தேன்.

இவற்றையெல்லாம் எழுதியது ஒரு தகவலுக்காக மட்டுமே. வீடு வசிக்கத் தகுந்ததாகவே இருக்கிறது. அன்று பூசாரிக்கும் மாமனாருக்கும் முன்னால் நீங்கள் பேசிய முறை தவறு என்பதே இன்றும் என் நிலை. வீட்டைப் பார்க்க ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவர் வரலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆகையால் தாங்கள் முழங்கால் வலியோடு இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. வருவதாக இருந்தாலும் வேண்டாம்.

வெயில் கடுமையாகும் காலம் நெருங்குகிறது. தாங்களும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் இருவரின் நலத்துக்காகவும் சாய்ந்த இந்தக் கூரைக்கடியிலிருந்து தலை தாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
நுகாதா கியோதகா

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டேன். சுமியே வாங்கி, நீராவியில் காட்டித் திறந்து, படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். கேள்விக்குப் பதில் எங்கேன்னு கேட்டாள். தையல் டேப்பையும் வைத்தாள். மழையில் போய் அளந்தேன். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். அன்றைக்குக் கையகலம் இருந்தது, இன்றைக்கு நாற்பத்து நாலு சென்டிமீட்டர்.

அண்ணா, வாங்க. ஜாக்கியை யாருக்கும் குடுத்துடாதீங்க. பொறியாளர் யாரும் வரல, நான் யாரையும் கூப்பிடல. குராமோச்சி சந்து முழுக்கப் போய்ச் சொல்லிட்டார், பதினோரு வீடும் காத்துட்டிருக்கு. உங்க முழங்காலுக்கு ஆகாததை நாங்க செய்யறோம், நீங்க பக்கத்துல நின்னு திட்டினா போதும். உங்க படுக்கையை மேற்குச் சுவரோரம் போட்டிருக்கோம். காலையில எங்ககூட கிழக்குச் சுவர்ல இருப்பீங்க, பயப்படாதீங்க.

கம்பி நன்றாக இருக்கிறது. வைத்த இடத்திலேயே நிற்கிறது.