மணிக்கு நாக்கு தேடிய கதை

அன்புள்ள லிபி அக்காவுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து தம்பி லாடிமிர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம். அரிசோனாவில் நீயும் உன் நீச்சல் குளமும் நலம்தானே?

நிற்க. நம் தாத்தா குடியேறி வீடு கட்டிய மேட்டை வரும் வசந்தத்தில் உழுது சோளம் போடப் போவதாகப் பக்கத்துப் பண்ணை ஈமில் சொல்லிவிட்டான். நிலம் இப்போது அவனுடையது, நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் நம் சாப்பாட்டு மணியின் நாக்கு அங்கேதானே கிடக்கிறது! மணி அடித்தால் பாத்திரம் கழுவ ஓடிவர வேண்டுமே என்று ஒன்பது வயதில் அதைக் கழற்றிப் புதைத்தவள் நீ. அன்றிலிருந்து அம்மா தட்டில் கரண்டியால் தட்டித்தான் நம்மைக் கூப்பிட்டாள். மணி இப்போது என் வீட்டு வாசலில் ஊமையாகத் தொங்குகிறது. எங்கே புதைத்தாய் என்று நானும் வருஷா வருஷம் போனில் கேட்கிறேன், "நேர்ல வந்தாத்தாண்டா காட்ட முடியும்"னு நீயும் வருஷா வருஷம் சொல்ற, வரத்தான் காணோம்.

ஆகவே மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வாங்கினேன். முதல் நாளே அது கூவித் தள்ளிவிட்டது. தோண்டினேன், ஒன்றுமில்லை. தள்ளிப் போனேன், அங்கேயும் கூவல். மேடு முழுக்கப் புதையல்தான், தாத்தா பரம ஏழை என்று அப்பா சொன்னதெல்லாம் சுத்தப் பொய் என்று நினைத்துக்கொண்டு இடுப்பளவு குழியில் நிற்கும்போது ஈமில் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன்டா லாடி, யாருக்குக் கல்லறை வெட்டுற?"

"சும்மா இருடா. கீழ பெருசா என்னமோ இருக்கு."

"கீழ இல்லடா, உன் கால்ல இருக்கு. இரும்பு முனை வச்ச பூட்ஸ மாட்டிக்கிட்டு வந்து புதையல் தேடுறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். குழியெல்லாம் மூடிட்டுப் போ. என் மாடு விழுந்துச்சு, உன்னையும் சேர்த்து மூடிருவேன்!"

பூட்ஸைக் கழற்றினேன், கருவி வாயை மூடிக்கொண்டது. அப்புறம் வெறுங்காலில் முள் குத்தக் குத்த நடந்ததில் ஜாடி மூடி, லாடம், முள்கம்பி, அப்பாவின் குறடு எல்லாம் கிடைத்தன. அந்தக் குறடைத் தொலைத்ததாக நான் வாங்கிய அடியை இனி யார் திருப்பி வாங்கிக்கொள்வது?

சமையலறை ஜன்னல் இருந்த இடத்தில் அம்மா நட்ட ருபார்ப் செடி மட்டும் கேட்பாரில்லாமல் தழைத்து நிக்குது அக்கா. நீ மரத்துமேல ஒளிஞ்சிக்கிட்டு அந்தப் புளிப்புத் தண்டைக் கடிப்ப, எனக்கும் ஒரு துண்டு போடுவ. எது எங்க இருந்துச்சுன்னு பேசிச் சிரிக்க எனக்கு இங்க யாருமில்ல. உழுறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ. நீ கை காட்டினா போதும், தோண்டுறது நான். கசகசா வச்ச கொலாச்சி பன் சுட்டுப் பழகிட்டு இருக்கேன். இப்போதைக்குக் கல்லு மாதிரிதான் வருது, நீ வர்றதுக்குள்ள மெத்துன்னு ஆயிரும்.

உன் முழங்காலும் என் முழங்காலும் இன்னும் பல காலம் மண்டியிட்டு எழுந்திருக்கக் கடவுள் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி லாடிமிர்

பி.கு.: பொய்யோடு தபாலில் போட மனசு வரவில்லை. நாக்கு போன மாதமே கிடைத்துவிட்டது. ருபார்ப் வேருக்குப் பக்கத்தில், காபி டப்பாவுக்குள் இருந்தது. சொல்லிவிட்டால் நீ வர ஒரு காரணமும் மிஞ்சாதே என்றுதான் மறைத்தேன். துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. அடித்தால் ஓடிவர யார் இருக்கிறார்கள்? நீ வந்து அந்த மேட்டில் தள்ளி நின்னுக்கோ, நான் மணி அடிக்கிறேன், ஓடி வா. பாத்திரத்தை நானே கழுவிடுறேன்.