மூன்று நாட்டு மோட்டாரும் மருமகனுக்கு ஒரு விண்ணப்பமும்

மேல் டிவிசன் லயம்,
ஸ்பிரிங்வெளி,
பதுளை.

மதிப்புக்குரிய மருமகன் சுரேஸ் அவர்களுக்கு,

மாமனார் முருகையா வணக்கத்துடன் எழுதுவது. கதிர்காமத்து முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். கட்டார் நாட்டு வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் அத்தை ராசம்மா வெள்ளிதோறும் விளக்கேற்றுகிறாள். போனில் பேசினால் நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு டியூட்டி நேரம் வந்துவிடுகிறது. ஆகையால் விபரமாக எழுதி, மகள் விஜயலெட்சுமியிடம் கொடுத்துப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

நீங்கள் சொன்னது நியாயம்தான். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குழாய் வறண்டு கிடந்து, குளிக்கவும் துவைக்கவும் கீழே மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி வழுக்குப் படியில் ஏறி வருவது என்றால் எந்தப் புருசனுக்கும் மனம் பதறும். "தண்ணி வராட்டி அவள ஹாலிஎலக்கு, எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க மாமா" என்றீர்கள். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவில்லை என்றால் நான் இந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? அதிலும் தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவரே நான்தான். உங்கள் அத்தை அன்றைக்கே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. தலைவர் என்பதால் தண்ணீர் மோட்டார் அறைக்குப் போய் அழுதேன்.

மோட்டார் விசயத்தில் எனக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்டோரில், அதாவது நம் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டும் காற்றாடிக்குப் பக்கத்தில் நின்றே என் காலம் போனது. அந்தக் காற்றாடியின் மோட்டார் இங்கிலாந்துச் சாமான். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஓடியது, வேலையை விட்டு நின்றபோதும் ஓடியது. தோட்டத்துத் துரை அதன் கிட்டே யாரையும் அண்ட விடமாட்டார். ஆயுத பூசைக்குக்கூட வாசலில் நின்று சூடம் காட்டிவிட்டுப் போகச் சொல்வார், ஒரு பொட்டு வைக்க விட்டதில்லை. அப்படி மரியாதையே இல்லாத இடத்திலும் பொறுமையாக ஓடியது என்றால் அது பிறந்த நாட்டின் குணம். அன்றிலிருந்து எந்த மோட்டாரைக் கண்டாலும் முதலில் நாட்டின் பெயர் அடித்த தகட்டைத்தான் பார்ப்பேன். எந்த நாடு என்று தெரிந்தால் போதும், மீதியை நான் சொல்லிவிடுவேன்.

பழைய பம்பு மோட்டார் செத்ததும் பதுளைக்குப் போய் ஹுமைத் முதலாளியின் கடையில் தகடு தகடாகப் பார்த்தேன். இங்கிலாந்து இல்லை. முதலாளி சீனா மோட்டார் ஒன்றைக் காட்டினார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் இத்தாலி மோட்டாரை எடுத்தேன். கட்டையான, கனமான, குடும்பத்துப் பிள்ளை மாதிரியான மோட்டார். அதை வெறுமனே ஓட்ட முடியுமா? பூசாரி இராசையாவை அழைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றி, லயமே கூடி நிற்கத் தேங்காயை அதன் தலையிலேயே உடைத்துச் சுவிட்சைப் போட்டோம். தொட்டியில் பாதி நிறைவதற்குள் நின்றுவிட்டது. இத்தாலிக்காரனுக்கு மத்தியானம் தூங்கும் பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எழும்பும் என்று சாயந்தரம்வரை காத்திருந்தோம். எழும்பவில்லை.

அடுத்தது இந்தியா மோட்டார். நம்ம ஆட்கள் கை வைத்துச் செய்தது என்று தகட்டைத் தடவிக் கொடுத்தேன். சொந்தக்காரன் வந்திருக்கிறான், குறைவாகச் செய்யலாமா? பாலோடு பஞ்சாமிர்தமும் சேர்த்தோம். ராசம்மா ஆரத்தி எடுத்தாள். சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், பிறகு புகை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு போகிற சொந்தக்காரன் புத்தி அதற்கும் இருந்தது.

இரண்டையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நாலு நாள் கழித்து ஹுமைத் முதலாளி கூப்பிட்டார்.

"முருகையாண்ணே, மோட்டருக்குக் கம்பி சுத்துற வயண்டிங் பாஸ் தொறந்து பாத்தாரு. உள்ளுக்கு வாழப்பழமும் பேரீச்சம்பழமும் இருக்காம். மோட்டருக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"மரியாத குடுத்தோம் மொதலாளி."

"அந்த மரியாததான் உள்ளுக்குப் போய் எரிச்சிருக்கு. தண்ணி குழாய்க்குள்ள போகணும்ணே, மோட்டருக்குள்ள போகக் கூடாது."

கடைக்காரர்கள் எப்போதும் வாங்கியவன் தலையில்தான் பழியைப் போடுவார்கள். ஒரு சொம்புப் பாலைத் தாங்காத மோட்டார் ஒரு லயத்தின் தண்ணீரை எப்படித் தாங்கும் என்று கேட்டேன். அவர் சீனா மோட்டாரை லொறியில் ஏற்றிவிட்டார்.

எனக்கு வந்த வெறுப்பில் நான் மோட்டார் அறைப் பக்கமே போகவில்லை. சீனாக்காரனுக்குச் சாமி ஏது என்று பூசாரியும் வீட்டிலேயே இருந்துவிட்டார். என் சின்ன மகள் துஷாந்தினிதான் கமிட்டிப் பெடியன்களோடு போய் மோட்டாரைப் பூட்டி ஓடவிட்டாள். பொட்டு இல்லை, மாலை இல்லை. அன்றிலிருந்து ஓடுகிறது மருமகனே. தொட்டி நிரம்பி வழிகிறது. விஜயலெட்சுமி வாசல் குழாயில் முகம் கழுவுகிறாள்.

"இருந்தாலும் சீனாச் சாமான்தானே" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன். துஷாந்தினி சோற்றுத் தட்டை வைத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க எங்க பொறந்தீங்க?"

"இந்த லயத்துலதான்."

"ஒங்க அப்பா?"

"அவரும் இங்கதான்."

"அப்பறம் ஏன் ஒங்க பொறப்புப் பத்திரத்துல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு? இந்தியாவ ஒரு நாளாவது பாத்தீங்களா? நம்ம மேல எவனோ தகடு அடிச்சா வலிக்குது. நீங்க மோட்டாருக்கு அதத்தானே செய்றீங்க."

நானும் தட்டை வைத்துவிட்டேன். பதுளை அரசாங்கக் கந்தோர்களில் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை மட்டும் பார்த்து என்னை நிற்க வைத்தவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்தச் சீனா மோட்டாரும் அப்படித்தானே நின்றிருக்கும். வெட்கமாக இருந்தது. இனி எதையும் எவரையும் பிறந்த நாட்டை வைத்து எடை போட மாட்டேன் என்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டேன்.

ஆகவே மருமகனே, தண்ணீர் வந்துவிட்டது. என் மகளை இங்கேயே விட்டுவையுங்கள். பேரப்பிள்ளையின் முதல் குளிப்பு இந்தக் குழாய்த் தண்ணீரில்தான் நடக்கும், அதற்கு நான் பொறுப்பு. உங்களுக்கு நல்ல சுகத்தையும் நல்ல முதலாளியையும் அந்தக் கந்தன் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சி. முருகையா
(தலைவர், தண்ணீர்க் கமிட்டி)

பி.கு: இதை எழுதி முடித்ததும் மனம் கேட்கவில்லை. மற்ற இரண்டு நாட்டுக்கும் செய்த மரியாதையை இந்த ஒரு நாட்டுக்கு மட்டும் செய்யாமல் விடுவது என் சத்தியத்துக்கு விரோதம். காலையில் பூசாரியைக் கையோடு அழைத்துப்போய், பால், மஞ்சள் தண்ணீர், பஞ்சாமிர்தம், தேங்காய், ஒரு குறையும் வைக்காமல், விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்தோம். புகை இப்போதுதான் அடங்கியது. விஜயலெட்சுமி உடுப்புப் பெட்டியை அடுக்கிவிட்டாள், ஆட்டோ வந்து நிற்கிறது. இங்கே முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாததால் நானும் உங்கள் அத்தையும் கூடவே ஹாலிஎலவுக்கு வருகிறோம். உங்கள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஓடுவது எந்த நாட்டு மோட்டார் என்று இனி நான் கேட்க மாட்டேன். எந்த நாடாக இருந்தாலும் சரி, வரும் வழியில் பாலும் பழமும் வாங்கி வருகிறோம்.