யன்னலைத் திறந்த சைபீரியா

அந்தச் சனிக்கிழமை காலை மல்வேர்ன் வீட்டுப் பேஸ்மன்றில், நாங்கள் வாடகைக்கு இருந்த நிலத்தடித் தளத்தில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரியான மேல்வீட்டு அன்ரி, அறைத்தோழன் சங்கர், நான். அன்ரி மலிவு விலையில் வாங்கி அடுக்கிவைத்த பதினொரு அரிசி மூட்டைகளும் எங்களோடு நின்றன. அவற்றில் நான்கு ஏற்கெனவே ஊதத் தொடங்கியிருந்தன. நிற்காத ஆள் ஒருவர்தான். சமையல் செய்யும் குசினியின் யன்னலைத் திறந்துவிட்டு, மூட மறந்து, விடிய முன்னமே வேலைக்குப் போனவர்.

அவரை நாங்கள் சைபீரியா என்றே அழைத்தோம். ரொறொன்ரோவில் வாழும் தமிழர் அத்தனை பேரிலும், குளிர் போதாது என்று குறைப்பட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். தை மாதத்தில் பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் மூன்றடுக்குக் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்போம். அவர் ஒற்றைச் சுவெற்றரோடு வந்து வானத்தைப் பார்ப்பார், சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்த முதலாளியைப் பார்ப்பதுபோல்.

"இது குளிரோ தம்பி? இது ஃபிரிட்ஜ். கதவை ரெண்டுதரம் திறந்து மூடினால் போயிடும்."

இளம் வயதில் புலமைப்பரிசில் பெற்றுச் சோவியத் நாட்டுக்குப் போனவர். அவரோடு போனவர்களுக்கு மொஸ்கோவும் மருத்துவமும் வாய்த்தன. இவருக்கு வாய்த்தது நோவோகுஸ்நெத்ஸ்க் என்ற சைபீரியத் தொழில் நகரம். அங்கே இரும்பு உருக்கப் படித்ததாகச் சொன்னார். இங்கே ஸ்காபரோவில் ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் அடுப்புக்குப் பொறுப்பாக இருந்தார். அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. "சூடு ஒண்டுதான். இங்க கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே அச்சில் வந்ததை நம்புவேன்; வாயால் வந்ததைத் தேடிப் பார்ப்பேன். இதில் அம்மாவுக்குப் பெருமை, மற்ற எல்லோருக்கும் எரிச்சல். சைபீரியாவோடு ஒரே கூரையின் கீழ், சரியாகச் சொன்னால் ஒரே நிலத்தின் கீழ், குடியேறிய நாளிலிருந்து அவரைப் பொய்யில் பிடிப்பதே என் மாலைநேர வேலையாயிற்று.

"எங்கட ஊரில பனி கறுப்பு" என்றார் ஒருநாள், பருப்பைக் கிளறிக்கொண்டு. நோவோகுஸ்நெத்ஸ்கைத்தான் அவர் எங்கட ஊர் என்பார்.

சங்கருக்குப் புரையேறியது. நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். சுற்றிவர நிலக்கரிச் சுரங்கம், நடுவில் உருக்காலை. பனி கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. படமும் இருந்தது.

"அந்த ஊருக்கு நாட்டுத் தலைவரின்ர பேரை வைச்சவங்கள். அவர் செத்துக் கொஞ்சக் காலத்தால பேரைக் கழட்டிப்போட்டுப் பழைய பேரைத் திருப்பிக் குடுத்தவங்கள். ரெண்டுதரமும் ஊர்ச் சனத்திட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

அதையும் தேடினேன். அதுவும் உண்மை. நானூறு வருடத்துக்கு முன்னர் தோம் ஆற்றங்கரையில் கோட்டை கட்டினார்கள் என்றார், உண்மை. ஊரின் பெயரே கொல்லனைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது என்றார்; உண்மை. யுத்தகாலத்தில் டாங்கிகளுக்கு அங்கிருந்துதான் உருக்குப் போனது என்றார்; அதுவும் உண்மை. ஒரு மனிதர் இப்படித் தொடர்ச்சியாக உண்மையே பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சங்கரிடம் ஒரு விளக்கம் இருந்தது. நாட்டை விட்டு வந்தவர்களில் பலர் மொஸ்கோவில், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் பூட்டிவைத்த வீடுகளில் மாதக்கணக்கில் கிடந்த பிறகுதான் கனடா சேர்ந்தார்கள். சங்கரின் மாமாவே அப்படி எட்டு மாதம் கிடந்தவர்.

"இவரும் அங்க அடைபட்டுக் கிடந்த ஆள்தான் மச்சான். செய்ய வேலையில்லாமல் ஆரிட்டயோ கேட்ட கதையைப் பாடமாக்கி வைச்சிருக்கிறார். இல்லாட்டிச் சேர்ட்டிஃபிக்கற்றைக் காட்டச் சொல்லு பாப்பம்."

கேட்டேன்.

"படிச்சு முடிச்சு இங்க வரேக்க அதை மொஸ்கோவில ஏஜென்சிக்காரன் கொண்டு போயிட்டான்" என்றார் சைபீரியா. "பாஸ்போட்டோட சேர்த்துக் குடுத்தனான். ரெண்டும் வரேல்லை."

சங்கர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒருநாள் மூவரும் ஸ்ரௌவ்வில் புறநகரில் ஒரு குடிபூரலுக்கு, புதுமனை விருந்துக்கு, போனோம். புது வீடு, புதுத் தெரு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே முகத்தோடு வீடுகள். வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டி, ஐந்தாவது குளியலறையில் பெருமையின் உச்சியைத் தொட்டு நின்றபோது சைபீரியா கேட்டார்: "எல்லாம் சரி, ஃபக்ரறி எங்க?"

"என்ன ஃபக்ரறி அண்ணை?"

"இவ்வளவு வீடு கட்டியிருக்கிறியள். ஃபக்ரறி இல்லாமல் ஆர் சூடு தாறது? எங்கட ஊரில முதல் உருக்காலை. பிறகுதான் வீடு. சனம் நிலத்தில குழி தோண்டி, அதுக்குள்ள இருந்துகொண்டு ஆலையைக் கட்டினது. பூந்தோட்ட நகரம் ஒண்டு வருமெண்டு சொல்லித்தான் கட்டுவிச்சவங்கள்."

"வந்ததோ?"

"நான் போகேக்க ஆலை மட்டும் வந்திருந்தது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் இருவரையும் தட்டிக் கொடுத்தார். பேஸ்மன்றில் இருப்பதற்காக வெட்கப்பட வேண்டாம், பெரிய ஊர் கட்டினவர்கள் எல்லாம் முதலில் நிலத்துக்குக் கீழேதான் இருந்தார்கள் என்றார். அதைவிட நல்ல ஆறுதல் எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை. அதைவிட மோசமானதும் கிடைத்ததில்லை.

அவரை முழுமையாக நம்பிய ஒரே ஆள் மேல்வீட்டு அன்ரி. தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரத்தில், "என்ர வீட்டில ஒரு சைபீரியா எஞ்சினியர் இருக்கிறார்" என்று மார்க்கம் என்ற பக்கத்து ஊர்க்காரிகளிடம் சொல்லாத ஞாயிறு இல்லை. மார்க்கத்தில் வீடு பெரிது, ஆனால் எஞ்சினியர் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் யன்னலுக்கும் அனுமதி கொடுத்தார்.

யன்னல் கதை இதுதான். நோவோகுஸ்நெத்ஸ்கில் வீடுகளுக்குச் சூடு ஆலைப்பக்கமிருந்து குழாய்வழி வரும். யன்னலின் கீழே இரும்பு அடுக்கு ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது. உள்ளே வேகிற சனம் வேறு வழியில்லாமல், வெளியே உயிர் போகிற குளிராக இருந்தாலும், பெரிய யன்னலுக்குள் இருக்கும் சின்ன யன்னலைத் திறந்துவிடும். அதுதான் அந்த ஊர் ஆரோக்கியத்தின் இரகசியம் என்பது சைபீரியாவின் முடிவு. அன்ரி வீட்டில் கொதிக்கிற இரும்பு இல்லை. வீட்டுச் சூட்டைப் பதினெட்டுப் பாகைக்கு மேல் ஏற்ற அன்ரி விடுவதும் இல்லை. ஆனாலும் குசினித் தொட்டிக்கு மேலிருந்த சின்ன யன்னலை அவர் தினமும் அரை மணிநேரம் திறந்தார். தொட்டியின் தண்ணீர்க் குழாய் அதே சுவருக்குள்தான் ஓடியது. அந்தச் சனிக்கிழமை அரை மணிநேரம் ஆறு மணிநேரமாயிற்று. குழாய் உறைந்தது, வெடித்தது, அரிசி ஊதியது.

மத்தியானம் அவர் பஸ் பிடித்து வந்தார். படியிறங்கி, தண்ணீரைப் பார்த்து, மூட்டைகளைப் பார்த்து, கடைசியாக யன்னலைப் பார்த்தார்.

"அங்க ஒருநாளும் இப்பிடி நடந்ததில்லை" என்றார்.

இந்த வசனத்துக்குத்தான் சங்கர் காத்திருந்தான்.

"எங்க அண்ணை? மொஸ்கோவில அடைச்சு வைச்ச வீட்டிலயோ? அங்க யன்னலே திறக்க விட்டிருக்கமாட்டாங்களே."

அன்ரி திரும்பினார். "என்ன சொல்லுறீர் சங்கர்?"

சங்கர் சொன்னான். மாமாவின் எட்டு மாதத்தையும், ஏஜென்சிக்காரன் கொண்டுபோன சான்றிதழையும் சேர்த்தே சொன்னான். அன்ரி கேட்டுக்கொண்டே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அது மெதுவாக அமுங்கியது.

"அண்ணை," என்றார், "தெரியாமல் செய்த பிழையை நான் மன்னிப்பன். அரிசி போனால் அரிசி. ஆனால் நான் கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சது பொய்யெண்டால், பொய் சொல்லி என்ர யன்னலைத் திறந்த ஆளை இங்க வைச்சிருக்க மாட்டன். இந்த மாதத்தோட வேற இடம் பாருங்கோ."

சைபீரியா வாளியை எடுத்தார். தண்ணீரை அள்ளத் தொடங்கினார். நானூறு வருட வரலாற்றைப் பருப்பு வேகும் நேரத்தில் ஒப்புவிக்கிற மனிதருக்குத் தன்னைப்பற்றிச் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. நானோ அவர் ஊரில் கறுப்புப் பனி விழுந்ததை நிரூபித்தவன், கோட்டையை நிரூபித்தவன். அவர் அங்கே இருந்ததை நிரூபிக்க எந்த இணையப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிளம்பர் ஒரு மணிக்கு வந்தார். சிவந்த கழுத்தும் அகலத் தோளுமான மனிதர். வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரை வெட்டினார், தலையை உள்ளே விட்டார், குழாயைப் பார்த்துத் தன் பாஷையில் நீளமாகத் திட்டினார்.

வாளியோடு போய்க்கொண்டிருந்த சைபீரியா நின்றுவிட்டார்.

"ரஷ்யாக்காரன்" என்று சங்கர் என் காதில் சொன்னான். பிறகு சத்தமாக, "அண்ணை, கதையுங்கோவன். அன்ரியும் கேக்கட்டும்."

சைபீரியாவின் முகம் வெளிறியது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பாஷையை அவர் பாண் அடுப்பிடம் மட்டுந்தான் பேசியிருக்க வேண்டும். சங்கரின் முகத்தில் வெற்றி. அன்ரி கும்பிடுவதுபோல் கைகளைக் கோத்துக்கொண்டார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

சைபீரியா வாளியைக் கீழே வைத்தார். ஒரு வசனம் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பரீட்சை எழுதுவதுபோல். அதில் அந்த ஊர்ப் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது.

சுவருக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. முழுக்கச் சுண்ணாம்புத் தூள். அவர் ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். அவர் கையை வீசி மறுத்தார். இவர் அதைவிடச் சத்தமாக மறுத்தார். ஐந்து நிமிடத்தில் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அன்ரி.

சைபீரியா எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. "ஆள் பக்கத்து நிலக்கரி ஊர். புரொகோபியெவ்ஸ்க். எங்கட ஆலைப் புகையாலதான் தன்ர தாய் உடுப்புக் காயப்போட ஏலாமல் கஷ்டப்பட்டவவாம். என்னை ஏசுறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"புகை அவங்கட கரியிலயிருந்து வந்ததெண்டு சொன்னனான்."

அன்ரிக்கு அது போதவில்லை. பிளம்பரிடமே ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த மனிதர் உண்மையாகவே அங்கே இருந்தவரா?

பிளம்பர் அன்ரியை விசித்திரமாகப் பார்த்தார். "அம்மா," என்றார் தன் கரடுமுரடான ஆங்கிலத்தில், "பரிசில் இருந்தேன் என்று பொய் சொல்வார்கள். லண்டனில் இருந்தேன் என்று பொய் சொல்வார்கள். அந்த ஊரில் இருந்ததாக எவன் பொய் சொல்வான்?"

நான் இத்தனை மாதம் தேடியதில் கிடைக்காத ஆதாரம் அதுதான். அன்ரி எழுந்து தேத்தண்ணி போட மேலே போனார். அறையைப்பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

குழாய் ஒரு மணிநேரத்தில் சரியாயிற்று. பிறகு பிளம்பர் தன் பென்சிலால் அன்ரியின் சுவரில் தோம் ஆற்றைக் கீறினார். சைபீரியா ட்ராம் பாதையைக் கீறினார். பிளம்பர் அதை அழித்துச் சரியான இடத்தில் கீறினார். சைபீரியா புகைபோக்கிகளை நிறுத்தினார், விடுதியை நிறுத்தினார், விடுதியில் தன் யன்னலைத் தேடி ஒரு சின்னப் பெட்டி போட்டார். இருவரும் சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள், அன்ரியின் தேத்தண்ணியை ஆறவிட்டார்கள். யன்னல் விஷயத்தில் மட்டும் பிளம்பர் கண்டிப்பாக இருந்தார். இந்த நாட்டில் இனித் திறந்தால் தானே வந்து ஆணி அடிப்பேன் என்றாராம், சைபீரியாவே மொழிபெயர்த்தார்.

போகும்போது பிளம்பர் பில்லைக் கொடுத்தார். பாசம் வேறு, மணிக்கணக்கு வேறு: நான்கு மணிநேரம் என்று எழுதியிருந்தது. அன்ரி ஒரு மணிநேரத்துக்கு மட்டும் காசு எடுத்து வைத்தார்.

"குழாய்க்கு நான் தாறன். கதைக்கு ஆர் தாறது?"

சைபீரியா வெளியே பனியில், கோட்டுப் போடாமல், பிளம்பரின் சாமான்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏதோ பாடினார்கள் போலிருந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்னரே சங்கர் பணப்பையை எடுத்துவிட்டான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. "அவருக்குச் சொல்லாதை" என்றான்.

நானும் பாதி போட்டேன். சொல்லவில்லை. அவர் தமிழ் வாரப் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற துணிவில் இங்கே எழுதுகிறேன். ஒரு மனிதர் மூன்று மணிநேரம் தன் ஊரில் இருந்துவிட்டு வர எங்களுக்குச் செலவானது ஆளுக்கு இருநூற்று இருபத்தைந்து டொலர், வரி தனி.