தாயார் பெயர் என்ற கட்டம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்ற தங்கள் அண்ணன் மகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மருமகளும் சௌக்கியம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, கண் அறுவைக்கு மருத்துவமனையில் தேதி குறித்தார்களா என்று தெரிவிக்கவும்.

நிற்க. தங்களைப் பெற்ற தாயாரின் பெயரைக் கண்டுபிடித்துத் தருவதாகப் பதினொரு மாதம் முன்பு கொடுத்த வாக்கை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். "டேய், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. எந்தப் படிவத்தை நீட்டினாலும் தாயார் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. எண்பத்தேழு வயசு வரைக்கும் அதுல கோடு போட்டே ஓட்டிட்டேன்" என்று தாங்கள் சொன்னபோது, இது என்ன பிரமாதம் என்று மார்தட்டிவிட்டேன். மனைவியை இழந்த எங்கள் தாத்தா, பெற்றோர் இருவரும் போன இரண்டரை வயதுப் பிள்ளையாகத் தங்களைத் தூக்கிவந்து வளர்த்தார். அவர் விட்டுப்போன தகவல் இரண்டே இரண்டு, தெருவின் பெயரும் பக்கத்து வீடு கடிகாரம் ரிப்பேர் செய்பவர் வீடு என்பதும்தான். மற்றதைக் கேட்டால் "அது எதுக்கு இப்ப" என்பாராம். மனுஷன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் இப்படி லோல்படுவேனா?

எங்கள் குழுவைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். பழைய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளின் நகலை வாங்கி, கணினியில் தட்டச்சு செய்து, தங்கள் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் இலவசமாகப் பார்க்கட்டும் என்று வைக்கிறோம். நாலே பேர், சம்பளம் கிடையாது, டீகூட அவரவர் செலவு. நகல் கட்டாக வரும், சீட்டுப் போடுவதுபோல் பிரித்துக்கொள்வோம், தெருவின் பெயர் முதல் தாளில் மட்டும்தான் இருக்கும், அந்தத் தாள் எப்போதும் தலைவருக்கு. தலைவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: படிக்காதே, பார்த்ததை அடி. படித்தால் கை தானாகத் திருத்திவிடுமாம். புரியாத சொல் வந்தால் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். முப்பத்தொரு வருடம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்த்தவன் என்பதால் எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

தங்கள் தெரு இருக்கும் ஏட்டின் நகலுக்கு ஆவணக் காப்பகத்தில் சொன்ன விலைக்கு அந்தத் தெருவையே வாங்கிவிடலாம், சித்தப்பா. தொண்டு செய்பவர்களுக்குச் சலுகை உண்டா என்றேன். "உண்டே. நீங்க சம்பளம் வாங்காம வேலை பாக்குறீங்கன்னு காட்டணும்" என்றார் எழுத்தர். எதைக் காட்டுவது என்றால், "சம்பளப் பட்டியல்தான்" என்கிறார். நாலு பேருக்கும் நேரே சைபர் போட்டுக் கொண்டுபோனேன். "கூட்டுத்தொகை போடலையே" என்றார். அதையும் போட்டேன். "தணிக்கையாளர் கையெழுத்து வேணும்" என்றார். நாலு சைபரைக் கூட்டிப் பார்க்கத் தணிக்கையாளர் கேட்ட கட்டணத்துக்கு ஏட்டின் விலையே தேவலை என்றாகிவிட்டது. ஏழாவது தடவை போனபோது அந்த எழுத்தர் என்மேல் இரக்கப்பட்டு, "மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, தபால்ல பதில் வரும்" என்றார். ஐந்து மாதம் ஆகிறது, பதில் வந்தபாடில்லை.

சரி, மலிவாக எங்காவது கிடைக்காதா என்று பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டை கிழிந்த ஏடு ஒன்றைத் தூக்கிப் போட்டு, "நீங்க சொன்ன அதே வருஷம், அதே பகுதி, கணக்கெடுப்பு ஏடுதான் சார். உங்களுக்காக எடைக்கே தர்றேன்" என்றார். குடும்பத் தலைவர் பெயர் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, வேறென்ன வேண்டும்? வாங்கிவந்து நாலு பேரும் ஆளுக்கு நாற்பது பக்கம் என்று மூன்று வாரம் ராப்பகலாக அடித்தோம். எனக்கு டீ கொண்டுவந்த தங்கள் மருமகள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த வீட்டுல ரெண்டு பேருக்குக் கொம்பு இருக்குன்னு போட்டிருக்கே?" என்றாள். அது கால்நடைக் கணக்கெடுப்பு. நூற்றறுபது பக்கம் மாட்டையும் ஆட்டையும் உலகம் பார்க்க ஏற்றியிருக்கிறோம். தலைவரிடம் போய்ச் சொன்னால், "விதிப்படி சரியாத்தானே அடிச்சிருக்கோம்" என்கிறார். அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆகவே போதும். குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக்கொடுக்கப் போகிறேன். படிவத்தில் தாங்கள் வழக்கம்போலக் கோடே போட்டுக்கொள்ளுங்கள். தங்களிடம் இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

என்றும் தங்கள் ஆசிக்கு உரியவனாக இருக்க விரும்பும்,
தங்கள் அண்ணன் மகன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் காப்பகத்தின் பதில் வந்துவிட்டது. நான் கேட்ட பக்கங்களை இரண்டு வருடம் முன்பே எங்கள் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெற்றுக்கொண்டவர் கையெழுத்தின் நகலும் வைத்திருக்கிறார்கள், அது என் கையெழுத்து. கணினியைத் திறந்து பார்த்தேன். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் இருக்கிறார். அடுத்த வீட்டில் ஒரு நூல்கடைக் கணக்கர், கீழே 'மனைவி' என்று போட்டுப் பெயருக்கு மூன்று கேள்விக்குறி, அதற்கும் கீழே 'மகன், வயது இரண்டு', தங்கள் பெயர். சித்தப்பா, தங்கள் பெயரை நானே எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குறியும் நான் போட்டதுதான். அந்தத் தாள் எங்கே போயிற்று என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். தங்கள் மருமகள் நிதானமாக அடுக்களை அலமாரியைக் காட்டினாள். இரண்டு வருடமாக உப்பு டப்பாவுக்கு அடியில் விரித்திருக்கிறாள். டப்பாவை நகர்த்திவிட்டு, கண்ணாடிகூடப் போடாமல் அந்தப் பெயரைப் படித்தாள். "இதுல என்னங்க கேள்விக்குறி? உப்பு எடுக்கும்போதெல்லாம் இவங்களைப் பாக்குறேனே. இருபத்திரண்டு வயசு. யாருங்க இவங்க?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தாளோடு வருகிறோம். பெயரைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, மருமகள்தான் படித்துச் சொல்வாள். அதுவரை அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடாதீர்கள்.