ஒச்சம்மாள் சுவருக்கு வந்த இரண்டு சொல் உத்தரவு

அநீதிகளை வரிசை பிசகாமல் சொன்னால்தான் ஆத்திரம் ஒழுங்காக வரும். ஆகவே:

1953-இல் எங்கள் ஊர்ச் சந்தையில் பலகை வைத்தார்கள். மேலே இங்கிலீசு, கீழே தமிழ். தார் பூசினோம். அவசரத்தில் தமிழும் சேர்ந்து அழிந்தது. பதினைந்து நாள் சிறை.

1955-இல் தமிழ் மனுவுக்கு இங்கிலீசில் ரசீது கொடுத்தார்கள். உண்ணாவிரதம் இருந்தோம். அனுமதி மறுத்து வந்த கடிதமும் இங்கிலீசில் இருந்ததால், வாழ்த்து என்று நினைத்து இருந்து முடித்தோம்.

1957-இல் தமிழே ஆட்சிமொழி என்று சட்டமான மகிழ்ச்சியில் எங்கள் பேரூராட்சி அலுவலகம் விழா எடுத்தது. அழைப்பிதழ் இங்கிலீசில்.

1959-இல் ஒச்சம்மாள் வீட்டுச் சுவர்.

ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கிறது. பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள், "எங்க ஊருதானே?" என்று சண்டைக்கு வருவார்கள். ஒச்சம்மாள் காய்கறிச் சந்தையில் கூடை சுமப்பவள், புருஷன் இல்லாதவள். ஆடிக் காற்றில் அவள் வீட்டின் தெருப்பக்கச் சுவர் விழுந்தது. தெருப்பக்கச் சுவரை எழுப்ப அலுவலக அனுமதி வேண்டும்.

"ஆண்டிச்சாமிண்ணே, மக கண்ணம்மா பேறுகாலத்துக்கு வந்திருக்கா. ஐப்பசி மழை வாரதுக்குள்ள சுவர எழுப்பணும். ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று என்னிடம் வந்தாள்.

தூய தமிழில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுவர் மூன்றாம் பக்கத்தில் வந்தது.

நிர்வாக அதிகாரி மனுவின் ஓரத்தில் "புட் அப்" என்று இங்கிலீசில் எழுதினார். உரிய தாள்களோடு என் முன் கொண்டுவந்து வை என்பது அவர் கருத்து. எந்தத் தாளைக் கண்டாலும் அவர் அதையே எழுதுவார். மைத்துனன் கல்யாணப் பத்திரிகையிலும் எழுதியிருந்தார்.

தலைமை எழுத்தர் இருதயநாதன் அப்போதுதான் மாற்றலாகி, கையில் அகராதியோடு வந்திருந்தார். புரட்டினார். ஐந்து பொருள்கள் இருந்தன.

"செத்த நேரம் உள்ள போயி ஐயாகிட்டயே கேட்டுட்டா என்ன?" என்றார் பியூன் மைதீன் பிச்சை.

"மேல எழுதினத மேல போய்க் கேக்கிறதா? நமக்கு இங்கிலீசு தெரியலன்னு ஆயிரும்யா."

"அப்ப அஞ்சுல எதச் செய்ய?"

"அஞ்சையும் செய்யணும். ஒண்ண விட்டாலும் தணிக்கையில ஆட்சேபம் வரும்."

முதற்பொருள், தங்கவைத்தல். ஒச்சம்மாளையும் நிறைமாத மகளையும் பயணியர் மாளிகையில் மூன்று நாள் தங்கவைத்தார்கள். "மெத்தையெல்லாம் எதுக்குய்யா? மண்ணு குழைக்க விடுங்க, போதும்" என்றாள். மண் குழைத்தல் அகராதியில் இல்லை.

இரண்டாவது, பலர் பார்க்க ஒட்டிவைத்தல். மனுவின் நான்கு பக்கங்களும் அறிவிப்புப் பலகையில் ஏறின. ஊரே நின்று படித்தது. மூன்றாம் பக்கத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, பொறுத்துக்கொள்ளுதல். பதிவுத் தபால் வந்தது: "சுவரின்மையைத் தாங்கள் பொறுத்துக்கொள்ளுமாறு இதனால் உத்தரவிடப்படுகிறது. பொறுத்துக்கொண்டமைக்கான சான்றினை ஏழு தினங்களுக்குள் இரு பிரதிகளில் சமர்ப்பிக்கவும்."

அவள் நேரே அலுவலகத்துக்குப் போய் இருதயநாதன் முன் நின்றாள்.

"ஐயா, அஞ்சுல 'கட்டுறது'ன்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கும்மா. அதான் அஞ்சாவது."

"அத மொதல்ல செஞ்சா என்னங்கய்யா? மேகம் கூடிருச்சு."

"வரிசை மாறுனா அரசாங்கம் என்னத்துக்கும்மா? நாலாவது, தேர்தல்ல நிறுத்துறது. இந்தா, ஒரு கைரேகை வையி."

சுவருக்காக என்று நினைத்து வைத்தாள். அந்த மாதம் வந்த பேரூராட்சித் தேர்தலில் மூன்றாம் வார்டுக்கு வேட்பாளர் ஆனாள்.

இங்கேதான் ஊருக்கு ஆபத்து வந்தது. அந்த வார்டில் எங்கள் தமிழ்க் காப்பு மன்றம் ஜவுளிக்கடை ராயப்பராஜை நிறுத்தியிருந்தது. சட்டமன்றம் வரை போகக்கூடியவர். ஆனால் பலகையில் மனுவைப் படித்தவர்கள், "பாவம்ப்பா, அந்தப் பொம்பளைக்குத்தான் ஓட்டு" என்று டீக்கடையில் பேசினார்கள். மொழிப்போரின் எதிர்காலம் ஒரு மண்சுவரில் முட்டி நின்றது.

இந்நிலையில் பொறுப்புள்ள குடிமகன் ஒருவரிடமிருந்து ஆட்சேபணை ஒன்று சமர்ப்பிக்கப்பட்டது. வேட்பாளர் வார்டுக்குள் ஒரு வீட்டில் வசிக்க வேண்டும்; மூன்று சுவர் உள்ளது வீடு ஆகாது. தமிழில் எழுதினால் அடுக்கில் கிடக்கும் என்பதால், காரியத்தின் அவசரம் கருதி அது இங்கிலீசில் எழுதப்பட்டிருந்தது.

பரிசீலனை நாளில் மழை பிடித்துக்கொண்டது. இரு தரப்புச் சாட்சிகள் முன்னிலையில் நிர்வாக அதிகாரியே ஆட்சேபணையை வாசித்தார். அவர் முழுதாக வாசித்த முதல் தாள் அதுதான். வேட்புமனு தள்ளுபடி. வீடே இல்லாதவளுக்குச் சுவர் எதற்கு என்று ஐந்தாம் பொருளும் தள்ளுபடி. கோப்பு மூடப்பட்டது.

ஒச்சம்மாள் நனைந்த சேலையோடு வாசற்படியில் நின்றாள். மகளுக்கு விடியற்காலை வலி எடுத்திருந்தது.

"தேர்தல் போனாப் போகுதுங்க. என் வீட்ட வீடு இல்லன்னு எழுதிக் குடுத்தது யாருங்கய்யா?"

அதிகாரி தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். வாய்க்குள் வாசித்தார்.

"சத்தமா வாசிங்க. சாட்சிக்காரங்களுக்கும் கேக்கட்டும்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"தி. ஆண்டிச்சாமி, கௌரவச் செயலாளர், தமிழ்க் காப்பு மன்றம்."