அடுத்த வீட்டுக் காற்றோடு சண்டை போட்டவர்

இலங்கையில் ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும், அடுத்த வீட்டுக் காற்றோடு சண்டைக்குப் போன மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் காத்து மாமா. அவருடைய சொந்தப் பெயர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது மட்டும்தான் கேட்கும்.

எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் வெளியே நின்றால் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. பின்பக்கம் ஜன்னல் கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை எட்டாது. எங்கள் அடுப்பில் விறகு ஈரமாக இருந்தால் பக்கத்து வீட்டில் மாமாவுக்குக் கண் கரிக்கும்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று போனில் ஏதோ வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறே பண்டாரவளைக்குப் போய், பாம்புச் செடி, மணி பிளான்ட், கற்றாழை என்று அள்ளிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் செடியை சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்ததாகக் கேள்வி. கட்டிலுக்கு அடியில் செடி, அலமாரிக்கு மேல் செடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் செடி. மாமா படுக்கத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

வாங்கத் தெரிந்தவருக்கு வளர்க்கத் தெரியவில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை. மட்டமாக வெட்டிவிட்டால் தேயிலை தளதளவென்று துளிர்க்கும். வீட்டுச் செடிக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டார். கவ்வாத்துக் கத்தியை எடுத்து, விறைப்பாக நின்ற பாம்புச் செடியை ஒரே சீவாகச் சீவினார். மாதக்கணக்கில் அது மொட்டையாகவே நின்றது.

"என்னா மாமா, துளிரே காணோம்?" என்று கேட்டேன்.

"பொறு கண்ணு. அதுக்கு வெக்கம்."

அவருக்குப் பெரிய எதிரி என் அம்மாதான். ஒருநாள் அம்மா செத்தல் மிளகாய் வறுத்தார். சுவருக்கு மேலாக மாமாவின் குரல் வந்தது.

"தங்கச்சி! என்னா பண்ற? செடியெல்லாம் மூச்சுத் திணறுது!"

"செடியா அண்ணே தும்முச்சு? நீங்கதானே தும்முனீங்க!"

மறுநாள் எங்கள் சுவரிலும் ஒரு மணி பிளான்ட் தொங்கியது. கொஞ்ச நாளில் லயம் முழுக்க வீட்டுக்கு ஒரு செடி வந்துவிட்டது. வேண்டாம் என்றவர்களிடம், "ஒங்க வீட்டுக் காத்துதானே எங்க வீட்டுக்கு வருது!" என்று மல்லுக்கு நின்றார். தண்ணீர் ஊற்றினோமா என்று வாசலுக்கே வந்து விசாரணை வேறு.

சிரித்தோம்தான். ஆனால் மனிதர் யாருக்காக இப்படி அலைகிறார் என்று லயத்துக்கே தெரியும். அவருடைய மனைவி ராணி அத்தைக்கு அடுப்புப் புகை பட்டால் இழுப்பு வரும். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு அது நின்றுவிட்டது. அங்கே ஒப்பந்தம் முடியும் நேரம், அத்தை போனில் பேசியது சுவர் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"அங்க வந்தா திரும்ப இழுக்குமோன்னு பயமா இருக்குங்க. இன்னும் ரெண்டு வருசம் இங்கயே இருந்துரவா?"

மாமா போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் காட்ட ஆரம்பித்தார்.

"இந்தா, இதப் பாரு. அதப் பாரு. எல்லாம் ஒனக்குத்தான். காத்து ரெடியா இருக்கு புள்ள. நீதான் இல்ல."

அன்று அம்மா அடுப்பைப் பற்ற வைக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அத்தை வந்தார். அவர் வந்த நாளில் அம்மா வாசலில் கல் கூட்டி, தூறலில் குடை பிடித்துக்கொண்டு சமைத்தார். லயத்தில் ஒரு வீட்டிலும் உள்ளே புகை இல்லை. அப்படியும் சாயங்காலம் அத்தைக்கு இழுத்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுச் சொன்னாராம்: அடைத்த அறைக்குள் அத்தனை ஈர மண் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவே இழுப்பைக் கிளப்பும். தொட்டிகளை வெளியே வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். திறக்க ஜன்னல் வேண்டுமே!

மாமா தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் வைத்தார். கை கொடுக்கப் போன என்னை வேண்டாம் என்று தலையாட்டினார். எல்லாம் முடிந்த பிறகு அத்தைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"திரும்பிப் போயிருவியா?"

"செடிக்காகவா வந்தேன்? எனக்காக ஊரோட சண்ட போட்ட ஆள விட்டுட்டு எங்கங்க போறது? மொதல்ல அந்தச் சொவத்த ஒடைங்க."

தோட்டத்து ஆபீசில் நடையாக நடந்து அனுமதி வாங்கி, பின்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். அத்தை அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இழுக்குதா?"

"இல்லைங்க."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப இழுக்குதா?"

"ஒங்களுக்குப் பதில் சொல்லியே மூச்சு வாங்குதுங்க!"

இந்தப் பக்கம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்ததற்கு, பற்ற வைக்காத அடுப்பின் புகைமேல் பழி போட்டார்.

இப்போது நான் கொழும்பில் தனி அறையில் இருக்கிறேன். என் இருமல் கேட்டு அடுத்த அறையில் ஒருவரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. போன வாரம் சளி பிடித்திருந்தபோது மாமாவுக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதுமே, "இழுக்குதா கண்ணு?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.