சிதம்பரநாதன் பிளக் பாயின்ட் மாற்றுகிறார்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல்லி, கரப்பான், அசோசியேஷன் செயலாளர் ஆகிய ஜீவராசிகளோடு இன்னொன்றும் வசிக்கிறது. டெஸ்டர் ஆசாமி என்று அதற்குப் பெயர் வைப்போம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் செருகியிருப்பார், எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் ஸ்விட்ச் போர்டை ஒரு முறை முறைத்து, கழுத்தைச் சாய்த்து, உச்சுக்கொட்டி, "இதை யார் போட்டது?" என்பார். பதில் சொல்லிவிடாதீர்கள். அது கேள்வியே இல்லை. போட்டவன் முட்டாள் என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. "இதுக்கெல்லாமா ஒருத்தனைக் கூப்பிடுவாங்க?" என்று ஆரம்பித்து, அன்றைய பொழுது முழுக்க வீட்டில் மின்விசிறி ஓடாது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் சிதம்பரநாதன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணிக் கடை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது காட்டன், இது கலப்படம் என்று சொல்லிவிடுவார். அதே விரலுக்குக் கரண்டும் கட்டுப்படும் என்று அவர் எப்போது முடிவு செய்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. உறவுக்காரக் கல்யாணத்துக்காக அவருடைய மனைவி ஜெயபாரதியின் அண்ணன் வெள்ளைச்சாமி ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பில் ஒரு துண்டோடு, கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு அவர் குளியலறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"மாப்ளே, உள்ள என்னமோ கருகுத வாடை அடிக்கே?"

கீசர் செருகியிருந்த பிளக் பாயின்டின் ஒரு துளை கறுத்து, பிளாஸ்டிக் உருகி, பார்க்கவே பாவமாக இருந்தது. ஜெயபாரதி கைப்பேசியை எடுத்தாள்.

"எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடட்டா?"

"இதுக்கெல்லாமா ஒருத்தனைக் கூப்பிடுவாங்க?" என்றார் சிதம்பரநாதன்.

"அப்ப அண்ணனுக்கு அடுப்புல வெந்நி வைக்கேன்."

"வேண்டாம். அஞ்சே நிமிஷம்."

வெள்ளைச்சாமி மறுக்கவில்லை. தங்கச்சி புருஷன் தோற்பதைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை, ஒரு குளியலுக்காக எந்த மைத்துனன் விட்டுக்கொடுப்பான்? கூடத்தில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு, எண்ணெய் சொட்டச்சொட்ட உட்கார்ந்துகொண்டார்.

நியாயமாகச் சொல்லவேண்டும். சிதம்பரநாதன் முதலில் மெயினை அணைத்தார். பிஸ்கட் டப்பாவில் எப்போதோ வாங்கி வைத்திருந்த புது பிளக் பாயின்டை எடுத்தார். பழையதைக் கழற்றியதும் சுவரிலிருந்து மூன்று ஒயர்கள் எட்டிப்பார்த்தன. "சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து" என்று மந்திரம்போல் சொல்லியபடி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் முடுக்கினார். எந்த ஒயர் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கழற்றும்போது பார்த்தாரா? பார்க்கவில்லை. கலர் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

மெயினைப் போட்டார். வீடு மறுபடி உயிர்பெற்று மின்விசிறியும் மிக்ஸியும் ஓடத் தொடங்கிய பின், கீசர் ஸ்விட்சைத் தட்டினார்.

டக்.

மின்விசிறி நின்றது. மிக்ஸியில் சட்னி பாதியில் நின்றது. உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் அலுவலகத்தோடு மறுபடி பேசத் தொடங்கியிருந்த மகள் பூஜா, "அப்பா! நெட் போச்சுப்பா!" என்று கத்தினாள். வாசல் பக்கத்து மின்பெட்டியில், மின்கசிவு கண்டால் தானே விழுந்து மொத்த வீட்டையும் அணைக்கும் ட்ரிப்பர் விழுந்திருந்தது.

இங்கேதான் டெஸ்டர் ஆசாமியின் மேதாவிலாசம் தொடங்குகிறது. தான் தொட்டது தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் சந்தேகிப்பார். முதலில் கீசர். அதைக் கழற்றிவிட்டு அதே பாயின்டில் தேய்ப்புப் பெட்டியைச் செருகினார். டக். கீசர் விடுதலை. அடுத்து மின்வாரியம்: "வோல்டேஜ் சரியில்ல." பக்கத்து வீட்டில் எல்லாம் நன்றாக எரிந்ததால் அதுவும் நிற்கவில்லை. கடைசியில் அவர் பார்வை ட்ரிப்பரின் மேல் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி ராஜகோபாலன் வந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் சட்டைப்பையிலும் ஒரு டெஸ்டர். ஓர் ஆசாமி தவிப்பது எத்தனை சுவர் தாண்டியும் இன்னோர் ஆசாமிக்குக் கேட்டுவிடும்.

"ட்ரிப்பர் ஓவர் சென்சிட்டிவ் சார்," என்றார் அவர், பெட்டியை எட்டிப்பார்த்து. "எங்காத்துலயும் இதே தொல்லைதான். அதைத் தாண்டி டைரக்டா குடுத்துட்டேன். ஒண்ணும் ஆகலை."

சிதம்பரநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆக, தப்பு தன்மேல் இல்லை! ஒரு துண்டு ஒயரை வெட்டி, இரு முனையையும் சீவி, மின்பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கினார். ஸ்டூலிலிருந்து வெள்ளைச்சாமி உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"முடிஞ்சிட்டா மாப்ளே?"

"இந்தா அஞ்சு நிமிஷம் மச்சான்."

"அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே எண்ணெ காதுக்குள்ள இறங்கிட்டு."

ஜெயபாரதி சட்னிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மின்பெட்டிக்கும் கணவருக்கும் நடுவில் நின்றாள்.

"அதைத் தொடாதீங்க."

"நீ தள்ளு. ட்ரிப்பர்தான் கோளாறு."

"நேத்து வரைக்கும் கோளாறு இல்ல. நீங்க அந்த பிளக்கைத் தொட்ட பெறகுதான விழுது? எங்கயோ தப்பா இருக்குன்னு அது கத்துது. நீங்க அதோட வாயைக் கட்டப் பாக்கீங்க. அண்ணன் ஈர உடம்போட அந்தப் பைப்பைத் தொடப்போறாரு. சீயக்காயும் கையுமா நிக்கும்போது என்னமும் ஆச்சுன்னா?"

வெள்ளைச்சாமியின் உற்சாகம் சட்டென்று வற்றியது. "நான் வேணா குளிக்காமயே…" என்றார்.

ராஜகோபாலன் தொண்டையைச் செருமினார். "அப்படியெல்லாம் ஒண்ணும்…"

"உங்க வீட்டுல டைரக்டா இருக்குன்னீங்களே மாமா," என்று ஜெயபாரதி அவர் பக்கம் திரும்பினாள். "வைதேகி மாமிக்குத் தெரியுமா?"

ராஜகோபாலன் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாக முணுமுணுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவர் வீட்டில் அன்று மதியம் வரை ஸ்க்ரூ டிரைவர் சத்தமும், அதைவிட உரக்க வைதேகி மாமியின் சத்தமும் கேட்டன.

சிதம்பரநாதன் கையிலிருந்த ஒயர்த் துண்டைப் பார்த்தார். கூடத்தில் எண்ணெயில் பளபளத்துக்கொண்டு, விழி பிதுங்க உட்கார்ந்திருந்த மைத்துனரைப் பார்த்தார். எத்தனை கேலி செய்தாலும் நல்ல மனுஷன். ஒயர்த் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"டார்ச்சைப் பிடி," என்றார் மனைவியிடம்.

மறுபடியும் மெயினை அணைத்து, பிளக் பாயின்டைக் கழற்றினார். இந்தத் தடவை மந்திரம் சொல்லவில்லை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் ஒரு முனையைச் சிவப்பிலும் மறு முனையைக் கறுப்பிலும் இணைத்து, எல்லாரையும் எட்டி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். டக். அணைத்துவிட்டு, கறுப்புக்குப் பதிலாகப் பச்சையில் இணைத்தார். போட்டார். பல்பு எரிந்தது. ட்ரிப்பர் அசையவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

வீடு கட்டியபோது ஒயர் இழுத்தவர், கையில் கிடைத்த கலரை மாற்றி இழுத்துவிட்டிருக்கிறார். பச்சை நியூட்ரல், கறுப்பு எர்த்து. சிதம்பரநாதன் கலரை நம்பி இரண்டையும் இடம் மாற்றி முடுக்கியிருக்கிறார். நியூட்ரல் வழியாகத் திரும்பவேண்டிய கரண்ட் எர்த்தில் ஓடியிருக்கிறது. ட்ரிப்பரைத் தாண்டியிருந்தால் கீசர் சமர்த்தாகச் சுட்டிருக்கும். எர்த்து என்று நம்பிய ஒயர் மட்டும் எர்த்தாக இருந்திருக்காது; எங்காவது கரண்ட் கசிந்தால் அது குழாயைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

அவர் மெயினை அணைத்து, இரண்டையும் மாற்றி முடுக்கி, பச்சைமேல் கறுப்பு டேப்பும் கறுப்புமேல் பச்சை டேப்பும் சுற்றினார். கீசர் விளக்கு சிவப்பாக எரிந்தது. வெள்ளைச்சாமி உள்ளே போய், எட்ட நின்று, ஒரே ஒரு விரலால் குழாயைத் தொட்டுப் பார்த்து, முருகா என்று சொல்லிக் குளிக்கத் தொடங்கினார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? மறுநாள் மயிலாப்பூரில் கல்யாண மண்டபத்தில் இலை போட்டு, சாம்பார் வரும்முன் அவர் சுவரைப் பார்த்துவிட்டார். "இதை யார் போட்டது?" என்றார். ஜெயபாரதி அவர் தொடையைக் கிள்ளினாள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

நமக்கென்ன, யாரோ ஒரு சிதம்பரநாதன் என்று நீங்கள் சிரிக்கலாம். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கீசர் ஸ்விட்சைத் தட்டியதும் டக் என்று விழுந்ததே, அப்போதே, "எர்த்தும் நியூட்ரலும் மாறியிருக்கு, இது தெரியலையா இவருக்கு?" என்று மனசுக்குள் சொன்னீர்களா? சொன்னீர்கள் என்றால், தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வரும்போது கூடத்தோடு நின்றுகொள்ளுங்கள். குளியலறைப் பக்கம் வேண்டாம்.